ஓப்பன் வாட்டர் கார்டோடு நீர்க்குகைக்குள் போகலாமா?

பெல்லந்தூரில் வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற ஸ்கூபா டைவிங்கின் அடிப்படைக் கோர்ஸை முடித்துவிட்டு, நேத்ராணி, ஹேவ்லாக் என்று இதுவரை 22 டைவ் போயிருக்கிறார். இப்போது ஆபீஸ் வேலையாக மெக்சிகோ போகிறார். அங்கே இருக்கும் நண்பர், "நீர்க்குகைக்குள்ளே கூட்டிட்டுப் போறேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அலை கிடையாது, இழுப்பு கிடையாது, பத்து மீட்டர் ஆழம்தான். கடலைவிட ஈஸி. ரெண்டு டார்ச் இருந்தா போதும்" என்கிறாராம். "எனக்குக் காற்று அதிகம் செலவாகாது, பதற்றமும் வராது. இதற்குத் தனியாக கோர்ஸ் தேவையா அண்ணா?" என்பது கேள்வி.

பகல் வெளிச்சம் கண்ணில் படும் எல்லை வரை, அதற்கென்று தகுதி பெற்ற கைடோடு தாராளமாகப் போங்கள். அதைத் தாண்டி ஒரு மீட்டர்கூட வேண்டாம். பதில் இவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் நீளம் தேவைப்படுகிறது. நான் பெங்களூரில் பதினைந்து வருடமாக வார இறுதிகளில் டைவிங் சொல்லித்தருகிறேன். குகைப் பயிற்சியை அதே மெக்சிகோவில்தான் முடித்தேன். முடிப்பதற்கு முன்னால், உங்கள் நண்பர் பேசும் அதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரைப் பற்றி நண்பர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. மெக்சிகோவின் யுகட்டான் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே சுரங்கம் சுரங்கமாக அரித்திருக்கிறது. கூரை இடிந்து விழுந்த இடமெல்லாம் கிணறு மாதிரித் திறந்து கிடக்கிறது; அதைத்தான் செனோட்டே என்கிறார்கள். சக் அக்துன் என்ற ஒரு குகைத்தொகுப்பு மட்டும் 350 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. பெங்களூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரமோ அவ்வளவு. தண்ணீர் உண்மையிலேயே கண்ணாடிதான். அலை இல்லை. சிக்கலே அங்கேதான். கடல் ஆரம்பத்திலேயே மிரட்டிவிடும். நேத்ராணிக்குப் போகும் படகில் பாதிப் பேர் வாந்தி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அப்போதே நம்மிடம் ஒரு அடக்கம் வந்துவிடும். குகை மிரட்டாது. வா வா என்று கூப்பிடும். தப்பு நடக்கிற வரைக்கும் அது நீங்கள் இதுவரை போனதிலேயே சுலபமான டைவாக இருக்கும்.

ஓப்பன் வாட்டரில் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காற்று தீர்ந்தால் கூட வருபவரிடம் வாங்கிக்கொண்டு மேலே போ. அவர் பக்கத்தில் இல்லையென்றால் மூச்சை மெல்ல விட்டபடி தனியாக மேலே போ. கூட வந்தவரைக் காணோமா? ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் மேலே போ. எல்லா வைத்தியமும் கடைசியில் 'மேலே' என்ற ஒரே இடத்தில் முடிகிறது. குகையில் அந்த இடம் கிடையாது, பாறைதான் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழம் என்று நண்பர் சொல்வது சரி, ஆனால் வெளிக்காற்று உங்கள் தலைக்கு மேல் பத்து மீட்டரில் இல்லை. வந்த வழியே 200 மீட்டர் திரும்பிப் போனால்தான் இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே ஆழம் நன்றாகத் தெரியும், தூரம்தான் ஏமாற்றும்.

நான் ஈரோட்டுப் பக்கம் கிணற்றில் நீந்தி வளர்ந்தவன். எங்கள் கிணற்றில் தண்ணீருக்கு அடியில் சுவர் சரிந்து ஒரு பொந்து இருந்தது. கிணற்றின் அடிமட்டம் வரை முங்கி மண்ணை அள்ளி வந்தால் பாராட்டுவார்கள். அந்தப் பொந்துப் பக்கம் போனால் தாத்தா புளிய விளாறை எடுப்பார். அடிமட்டத்தைவிடப் பொந்து மேலேதானே இருக்கிறது, இதற்கு ஏன் அடி என்று அப்போது புரியவில்லை.

சரி, என்னதான் தப்பு நடக்கும்? பெரும்பாலும் முதலில் வருவது வண்டல். இழுப்பு இல்லாத தண்ணீர் என்றால், அங்கே படிந்ததை எதுவும் கலைத்ததில்லை என்றும் அர்த்தம். மாவு மாதிரி மெல்லிய களிமண் பல காலமாகப் படிந்து கிடக்கும். கடலில் நாம் பழகிய மாதிரி ஃபின்னை மேலும் கீழுமாக ஒரு தடவை உதைத்தால் போதும். உதைக்காமல் இருந்தாலும், உங்கள் மூச்சுக்குமிழ் கூரையில் மோதி அங்கே ஒட்டியிருக்கும் தூசியை உதிர்க்கும். கலங்கிய தண்ணீரை அடித்துப் போகவும் இழுப்பு இல்லை, ஆகவே தெளிய மணிக்கணக்கில் ஆகும். பயிற்சி பெற்றவர்கள் முழங்காலை மடக்கி, தவளை மாதிரி பின்பக்கமாக உதைப்பது இதற்காகத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் ஏற்கெனவே பயிற்சியாளர், முந்நூறு டைவுக்கு மேல் போயிருந்தேன். செனோட்டே ஒன்றில், வெளிச்சம் தெரியும் பகுதியில், கைடு பின்னால் போய்க்கொண்டிருந்தோம். கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புத் தூண்களைப் படம் எடுக்க நாலைந்து மீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கினேன். காமிராவைப் பிடித்தபடி கால் கீழே இறங்கியதைக் கவனிக்கவில்லை. திரும்பினால் எதுவுமே இல்லை. இருட்டுகூட இல்லை, டார்ச் வெளிச்சத்தில் பால் மாதிரி ஒரு வெண்மை. காற்றுமானியைக் கண்ணாடிக்கு எதிரே ஒட்டிப் பிடித்தும் முள் தெரியவில்லை. வழிகாட்டும் கயிறு, அதாவது லைன், எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அசையாமல் நின்றேன், அது மட்டும்தான் அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம். கைடு முழங்கையைப் பிடித்து இழுத்து லைனில் என் கையை வைத்தார். மொத்தமே மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் சிலிண்டரின் அழுத்தத்தில் 20 பார் காலி. சும்மா நீந்தியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. பதற்றம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. எனக்கும் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த லைன் என்பது வேறொன்றுமில்லை, சுவரில் பூச்சு வேலைக்குக் கட்டும் நூல் பருமனில் ஒரு நைலான் கயிறு. திறந்த வெளியில் ஒரு முடிச்சு, வாசலுக்குள் நுழைந்ததும் இன்னொரு முடிச்சு, அங்கிருந்து விடாமல் உள்ளே போகும். வழி பிரியும் இடத்தில் பிளாஸ்டிக் அம்புக்குறி மாட்டியிருக்கும். அதன் முனை வாசல் இருக்கும் பக்கத்தைக் காட்டும். கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவிப் புரிந்துகொள்ளலாம். கோர்ஸில் முதலில் தண்ணீருக்குள்ளேயே விடமாட்டார்கள். மரத்துக்கு மரம் நூல் கட்டி, கண்ணைக் கட்டிவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சேர்த்து நூலைப் பிடித்தபடி நடக்கச் சொல்வார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். இரண்டாவது தடவை நூலை எங்கோ அறுத்துவிட்டு, அறுந்த முனையிலிருந்து மறுமுனையைத் தேடச் சொல்லும்போது சிரிப்பு போய்விடும்.

நான் திரும்பி வந்து எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில், கார் பார்க்கிங் தூணுக்குத் தூண் நூல் கட்டிப் பழகினேன். கரண்ட் போகும் நேரமாகப் பார்த்துத்தான். பெங்களூரில் அதற்குப் பஞ்சமா? செக்யூரிட்டிக்காரர் முதல் நாள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்றே நினைத்தார். நான் தினமும் வண்டி நிறுத்தும் அதே பேஸ்மெண்டில், கண் கட்டி மூன்று தடவை திரும்பியதும் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அங்கே மூச்சுவிடக் காற்றுக்கும் குறையில்லை, நேரத்துக்கும் குறையில்லை.

காற்றுக் கணக்குக்கு வருவோம். உங்களுக்குக் காற்று அதிகம் செலவாகாது என்கிறீர்களே, நல்லது, ஆனால் கணக்கு உங்களோடு நிற்பதில்லை. 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு அழுத்தத்தில் 60 லிட்டர் இழுப்பார். கடலில் பழகிய வழக்கப்படி பாதி சிலிண்டர் தீர்ந்ததும் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போக 20 நிமிடம், திரும்ப 20 நிமிடம். வாசலில் தலை நீட்டும்போது சிலிண்டரில் பூஜ்யம். எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் அதுவும். வண்டல் கிளம்பி, லைனைத் தடவித் தடவிப் பாதி வேகத்தில் வந்தால் வழியிலேயே தீர்ந்துவிடும்.

குகைக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடக்கூடாது. கேட்டால் ரொம்பத் தாராளமாகத் தோன்றும். போட்டுப் பாருங்கள்: 800 லிட்டரில் 13 நிமிடம் உள்ளே போகிறீர்கள். மிகத் தொலைவான இடத்தில் கூட வந்தவரின் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி, கெட்டு அவருக்குக் காற்றே இல்லை. உங்களிடம் இருப்பது 1,600 லிட்டர். இரண்டு பேர் 13 நிமிடம் அதே நிதானத்தில் மூச்சு விட்டு வெளியே வரத் தேவைப்படுவது ஏறக்குறைய அதே 1,600. மிச்சம் ஒன்றுமில்லை. இருவரில் ஒருவர் பதறி இரண்டு மடங்கு இழுத்தால் பற்றாது. அதாவது அந்த விதி சொகுசுக்கு வைத்ததில்லை, அதற்குக் கீழே போகவே முடியாது என்ற தரைமட்டம். அதனால்தான் பலர் அதைவிடவும் குறைவாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னொன்று, உங்கள் ரெகுலேட்டரில் அடுத்தவருக்குக் கொடுக்க இருக்கும் மாற்றுக்குழாய் ஒரு மீட்டர் சொச்சம்தான் இருக்கும். குறுகிய வழியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நீந்த முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டும். குகைக்காரர்கள் இரண்டு மீட்டர் குழாய் வைத்திருப்பது அதற்காக. ஒற்றை சிலிண்டர், ஒற்றை ரெகுலேட்டர், குட்டைக் குழாய் என்ற கடல் சாமான் அங்கே ஆரம்பத்திலேயே தோற்றுப்போகிறது.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு போதாது, ஆளுக்கு மூன்று வேண்டும். மின் சாதனம் தண்ணீரில் எப்போது கெடும் என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் என் கற்பனைக் கணக்கு இல்லை. ஷெக் எக்ஸ்லி என்று ஃப்ளோரிடாவில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார், உலகின் மிகப் பெரிய குகை டைவர்களில் ஒருவர். குகைச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 1979-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் மூன்றுதான்: வாசல் வரை தொடர்ச்சியான லைன் இல்லை, திரும்புவதற்கு மூன்றில் இரண்டு பங்கு காற்று மிச்சம் வைக்கவில்லை, ஆழத்துக்கேற்ற கலவை வாயு இல்லாமல் வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு அளவுக்கு மீறி ஆழம் போனார்கள். பயிற்சியும் விளக்கும் பிறகு சேர்ந்து ஐந்தாகின. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, புதிதாக யாரும் ஆறாவது வழி கண்டுபிடித்துச் சாகவில்லை என்று எங்கள் வட்டாரத்தில் கசப்பாகச் சொல்வதுண்டு. அந்த எக்ஸ்லியும் 1994 ஏப்ரலில் மெக்சிகோவின் சகாத்தோன் என்ற செனோட்டேயில் 300 மீட்டரைத் தாண்டும் முயற்சியில் இறந்துபோனார். பயிற்சி இருந்தால் சாவே வராது என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவர் போன ஆழம் வேறு. நீங்கள் போகப்போவது பத்து மீட்டர். அங்கே நடக்கும் சாவு வேறு வகை, தவிர்த்திருக்கக்கூடிய வகை.

குகை வாசலில் ஒரு பலகை பார்ப்பீர்கள். அரிவாளும் கறுப்பு அங்கியுமாக எமன் படம் போட்டிருக்கும். நம் ஊரில் ஹெல்மெட் பிரச்சாரத்துக்கு எமன் வேஷம் கட்டி ரோட்டில் நிறுத்துவார்களே, அந்த மாதிரி. ஃப்ளோரிடாவில் இருக்கும் பலகையில், இதைப் போன்ற குகைகளில் 300-க்கும் மேற்பட்ட டைவர்கள் இறந்திருக்கிறார்கள், ஓப்பன் வாட்டர் பயிற்சியாளர்களும் அதில் அடக்கம் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கடைசி வரி என்னைப் போன்றவர்களுக்கு. முதல் பத்து டைவில் இருப்பவரைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அவருக்குப் பயம் இருக்கும். இருநூறு டைவ் போய், கடலில் எல்லாம் கைவந்துவிட்ட ஆள்தான் "சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று உள்ளே போவார்.

"தாய்லாந்துல டைவிங்கே தெரியாத பசங்களைக் குகைத் தண்ணிக்குள்ளே கூட்டிட்டு வந்தாங்களே" என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். நீங்களும் யாரிடமாவது கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 2018-இல் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் சிக்கினார்கள். கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு பிரிட்டிஷ் குகை டைவர்கள். இது அவர்கள் வேலைகூட இல்லை, ஸ்டாண்டன் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர். சிறுவர்கள் நீந்தி வரவில்லை. ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர், அவரும் குகை டைவர்தான், கெட்டமைன் கொடுத்து அவர்களை நினைவிழக்கச் செய்தார். முழு முக மாஸ்க் போட்டு, கையைக் கட்டி, பார்சல் மாதிரித்தான் கொண்டுவந்தார்கள். விழித்திருந்து ஒரு பையன் பதறினால் அவனும் போவான், தூக்கி வருபவரும் போவார் என்பதால்தான் அப்படி. அதற்கு முன் ஜூலை 6 அன்று, உள்ளே காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் நினைவிழந்து இறந்தார். தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் சீல் வீரர். உடல்வலிமையில் உங்களையும் என்னையும் எங்கேயோ நிறுத்திவிடுவார்.

மீட்பு என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். குகையில் அது பெரும்பாலும் உடலை எடுப்பதுதான், எடுக்கப் போகிறவருக்கும் அதே பாறை, அதே வண்டல். தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீர்க்குகையில் பத்து வருடமாகக் கிடந்த ஓர் இளைஞனின் உடலை மேலே கொண்டுவரப் போன டேவ் ஷா, 2005 ஜனவரியில் சுமார் 270 மீட்டர் ஆழத்தில் அங்கேயே இறந்தார். நம் நாட்டிலேயே, 2018 டிசம்பரில் மேகாலயாவின் க்சானில் வெள்ளம் புகுந்த எலிவளைச் சுரங்கத்தில் 15 தொழிலாளர்கள் சிக்கியபோது கடற்படை டைவர்கள் வந்தார்கள். வாரக்கணக்கில் போராடி, கடைசியில் முதல் உடலைக் கண்டது ரிமோட்டில் இயங்கும் இயந்திரம்தான்.

இப்போது உங்கள் பயணம். வெளிச்சப் பகுதிக்குக் கூட்டிப்போகும் டூர்கள் அங்கே நிறைய உண்டு, ஓப்பன் வாட்டர் கார்டே போதும், அழகும் அங்கேதான் முக்கால்வாசி இருக்கிறது. சூரியக் கதிர் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தால் ஊருக்கு வந்து ஒரு மாதம் அதையே பேசிக்கொண்டிருப்பீர்கள். கைடு முழு குகைப் பயிற்சி முடித்தவராக இருக்க வேண்டும். கார்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நல்ல கைடு கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு கைடுக்கு நான்கு பேருக்கு மேல் இருந்தால் இறங்காதீர்கள். வெளிச்சப் பகுதியில் கட்டியிருக்கும் தடித்த மஞ்சள் லைன் பக்கத்திலேயே இருங்கள். நன்னீரும் உப்புநீரும் சேரும் அடுக்கில் பார்வை கொஞ்சம் மங்கும்; அது வண்டல் இல்லை, தாண்டினால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். காமிராவை முதல் டைவுக்கு அறையிலேயே வைத்துவிடுங்கள். எமன் பலகைக்கு அந்தப் பக்கம் "ரெண்டு நிமிஷம்" என்று யாராவது சைகை காட்டினால், அது கைடாகவே இருந்தாலும், கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள். டைவ் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் பழக்கத்தில் யாரும் எப்போதும் காட்டலாம், ஏன் என்று கேட்கக்கூடாது.

உள்ளே போயே ஆக வேண்டும் என்ற ஆசை பிறகும் மிச்சமிருந்தால் தப்பில்லை, எனக்கும் வந்ததுதான். இன்னும் ஒரு வருடம் கடலில் சுற்றுங்கள், மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகுங்கள், பிறகு முறையாகப் போங்கள். வெளிச்சப் பகுதி, அறிமுகம், முழு குகை என்று மூன்று கட்டமாகச் சொல்லித்தருவார்கள். சேர்த்து எட்டு நாள் அளவில் ஆகும், அதில் தேறாமல் திரும்புகிறவர்களும் உண்டு. இந்தியாவில் இதற்கு இடம் தேட வேண்டாம். ஒருவர் ஆந்திராவின் பெலும் குகையில் பழகலாமா என்று கேட்டார். அது காய்ந்த குகை ஐயா, டிக்கெட் வாங்கி நடந்து போகலாம். கனகபுரா ரோட்டுப் பக்கம் கல்குவாரிக் குட்டையில் பழகுகிறேன் என்று வருபவர்களுக்கு நான் பதில்கூடச் சொல்வதில்லை.

நீங்கள் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை எங்கள் பேஸ்மெண்டுக்கு வாருங்கள். ஆறு மணிக்கு வந்தால் வண்டி நடமாட்டம் இருக்காது. நூல் என்னிடம் இருக்கிறது, கண்ணைக் கட்ட ஒரு கறுப்புத் துணி மட்டும் எடுத்து வாருங்கள். லிஃப்டிலிருந்து என் வண்டி வரை நாற்பது மீட்டர். செக்யூரிட்டிக்காரருக்கு இப்போது பழகிவிட்டது, அவரே ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்.